மடிக்கணினி வந்தது, பக்கத்தில் உட்கார ஆள் வரவில்லை: லினக்ஸ் வரலாற்றில் நம் இடம்

இராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடிக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு காலனியில் வாரம் மூன்று நாள் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். ஒரு நாள் ஒரு மாணவி தன் அக்காவின் மடிக்கணினியைப் பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்தாள். அரசு கொடுத்த கணினி. அக்கா கல்யாணமாகிப் போய்விட்டார். கணினி மூன்று வருடமாக டிரங்குப் பெட்டியில் கிடந்திருக்கிறது. "அக்கா, ஆன் ஆகுது. ஆனா வைஃபை வரலை. காலேஜ் அப்ளிகேஷன் போடணும்" என்றாள்.

அதற்கு முன்பே டவுனில் ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வி எந்த ஊர் என்பது. ஊர்ப் பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி, "ஊருக்குள்ளயா, காலனியா?" பிறகு, "இதுல இருக்கிறது லினக்ஸ், ஒண்ணுக்கும் ஆகாது. அழிச்சிட்டு விண்டோஸ் போடணும், இரண்டாயிரம் ஆகும்" என்றிருக்கிறார். அம்மா கரிமூட்டம் போடும் வேலைக்குப் போகிறவர். இரண்டாயிரம் ரூபாய் அவருக்குப் பல நாள் கூலி. கணினி திரும்பவும் பெட்டிக்குள் போய்விட்டது.

அந்தக் கணினியில் இருந்த சிக்கல் சின்னது. வைஃபை சில்லுக்கு வேண்டிய ஒரு கோப்பு அந்தப் பழைய லினக்சில் இல்லை. புதிய லினக்ஸ் ஒன்றை பென்டிரைவில் போட்டு, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே கணினியைத் துவக்கிப் பார்த்தோம். வைஃபை வந்துவிட்டது. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆள் இல்லாததால் ஒரு வீட்டின் ஒரே கணினி மூன்று வருடம் பெட்டியில் கிடந்தது. இதை எங்களால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. கணினி கொடுத்த அரசு, அதைச் சரிசெய்யும் அறிவை ஏன் கொடுக்கவில்லை? அந்த அறிவு இவ்வளவு காலம் யாரிடம் இருந்தது? தேடிப் போனபோது கிடைத்த வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஓர் அச்சுப்பொறியில் தொடங்கிய கதை

லினக்ஸ் என்பது விண்டோஸ் போல ஒரு இயங்குதளம். விண்டோஸ் ஒரு நிறுவனத்தின் சொத்து. அதன் உள்ளே எழுதியிருப்பதை நாம் பார்க்க முடியாது, மாற்ற முடியாது, அடுத்தவருக்கு நகல் கொடுக்க முடியாது. லினக்சில் இந்த மூன்றையும் செய்யலாம். இப்படி ஒரு மென்பொருள் வேண்டும் என்ற எண்ணமே ஒரு வன்பொருள் சிக்கலில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஒரு புதிய லேசர் அச்சுப்பொறி வந்தது. அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தாள் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகிற மாதிரி அதன் மென்பொருளைத் திருத்த நினைத்தார். பழைய அச்சுப்பொறிக்கு அப்படித்தான் செய்திருந்தார். மூல நிரல் இருந்த இன்னொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் போய்க் கேட்டார். தரமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு தன்னைச் சுட்டதாக ஸ்டால்மன் பலமுறை சொல்லியிருக்கிறார். 1983 செப்டம்பரில் அவர் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார்.

1991 ஆகஸ்ட் 25 அன்று பின்லாந்தின் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், தான் எழுதிவரும் ஒரு இயங்குதளத்தைப் பற்றிப் பிறருக்கு அறிவித்தார். அந்த அறிவிப்பில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. தன்னிடம் இருக்கும் வகை வன்தட்டைத் தவிர வேறெதிலும் இது ஓடாமல் போகலாம், ஏனென்றால் தன்னிடம் அது மட்டும்தான் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்.

லினக்ஸ் எப்படி வளர்ந்தது என்பதற்கான விடை இதில் இருக்கிறது. தன்னிடம் இருந்த கருவிக்கு அவர் எழுதினார். வேறு கருவி வைத்திருந்தவர்கள் தங்கள் கருவிக்கு எழுதினார்கள், அல்லது எழுதத் தெரிந்தவருக்குத் தகவலும் பொருளும் கொடுத்துச் சோதித்துச் சொன்னார்கள். ஒலி அட்டை, அச்சுப்பொறி, மோடம் எல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாக வேலை செய்யத் தொடங்கின. சில்லு செய்யும் நிறுவனங்கள் பல ஆண்டுகள் தகவல் தர மறுத்தன. பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகள் லினக்ஸ்காரர்களுக்குப் பெரும் தலைவலியாக இருந்தன. 2010 செப்டம்பரில்தான் அந்த நிறுவனம் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த இயக்கியை வெளியிட்டது.

கையில் எந்தக் கருவி இருக்கிறதோ அந்தக் கருவிக்கு உதவி கிடைத்தது. அப்படியானால் கருவி இல்லாதவர்களின் கதை என்ன? நம் வீடுகளில் கணினி இல்லாத காலத்தில் நம் சிக்கல்கள் அந்த உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

சென்னையில் கூடியவர்கள், தமிழில் எழுதியவர்கள்

தமிழ்நாட்டில் இந்த அறிவு முதலில் சேர்ந்தது சென்னையில். 1998-லிருந்து சென்னை லினக்ஸ் பயனர் குழு இயங்கிவருகிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ஒருவர் கணினியில் ஒலி வராது, இன்னொருவர் பார்த்துக் கொடுப்பார். காசு கிடையாது. இந்த உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் கடலாடியிலிருந்தோ முதுகுளத்தூரிலிருந்தோ அந்த வளாகம் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பேருந்துக் கட்டணம் ஒன்று. அந்த வாசலுக்குள் நுழையும் துணிச்சல் இன்னொன்று. அங்கே பேசப்பட்ட ஆங்கிலம் மூன்றாவது.

மொழித் தடையை உடைக்கவும் ஆட்கள் வந்தார்கள். 2000-ஐ ஒட்டி லினக்ஸ் திரைகளைத் தமிழாக்கும் வேலையைத் தன்னார்வலர்கள் தொடங்கினார்கள். அவர்களில் ஈழத்தவரும் புலம்பெயர்ந்தோரும் உண்டு. 2012 ஜனவரியில் கணியம் என்ற மின்னிதழ் தொடங்கி, கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் எழுதியது. இன்று எங்கள் மாணவர்கள் தமிழில் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பொருள் இருக்கிறதென்றால் இவர்கள்தான் காரணம்.

நம் கடலோரத்துக்கும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 2003 மே 28 அன்று புனேயில் ஒரு தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவன விழாவில் பேசினார். பில் கேட்ஸுடன் நடந்த உரையாடலில் திறந்த மூல நிரல் பற்றித் தங்கள் கருத்துகள் வேறுபட்டதைச் சொல்லி, நூறு கோடி மக்கள் உள்ள நாட்டுக்குத் திறந்த நிரலே வேண்டும் என்று வாதிட்டார். மைக்ரோசாப்ட் கோலோச்சிய காலத்தில் குடியரசுத் தலைவர் ஒருவர் இப்படிப் பேசியது சிறிய விஷயமில்லை. அவர் ஊரிலேயே இன்றைக்கு லினக்ஸ் கணினி பழுதானால் யாரிடம் போவது என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது.

ஒரு தலித் அதிகாரியும் எல்காட்டும்

தமிழக அரசுக்குள் லினக்சைக் கொண்டுவந்த வரலாற்றைப் பேசுகிறவர்கள் சி. உமாசங்கர் பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. திருவாரூர் ஆட்சியராக இருந்தபோது மாவட்ட நிர்வாகத்தைக் கணினிமயமாக்கியவர். பிறகு அரசின் எல்காட் நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநரானார். 2006-07-இல் எல்காட் அலுவலகத்தையே லினக்சுக்கு மாற்றினார். முதலில் தன் மேசையிலிருந்த கணினியில் லினக்சைப் போட்டு, அன்றாட வேலை அத்தனையும் நடக்கிறதா என்று தானே பார்த்த பிறகுதான் மற்றவர்களை மாறச் சொன்னார். அடுத்து அரசுப் பள்ளிகளுக்கான ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்சுடன் வாங்க ஏற்பாடு செய்தார்.

2008-இல் அவர் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். 2010 ஜூலையில் சாதிச் சான்றிதழைக் காரணம் காட்டி அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். இருபது ஆண்டு பணியிலிருந்த ஒரு ஐஏஎஸ் அதிகாரியிடம் உன் சாதியை நிரூபி என்றார்கள். தலித் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. அடுத்த மாதமே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் இரண்டு. நம்மில் ஒருவர் எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் சாதி பின்னாலேயே வரும் என்பது ஒன்று. அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஓர் அதிகாரியின் மேசையிலிருந்து இறங்கிவரும் மாற்றம், அந்த அதிகாரியை மாற்றியதும் வேகம் இழக்கும் என்பது மற்றொன்று. அதைத் தாங்கிப் பிடிக்கக் கீழே ஆட்கள் வேண்டும். அந்த ஆட்கள் அப்போது இல்லை.

2011 செப்டம்பர்: நான்கு நாள் இடைவெளி

2011 செப்டம்பர் 11. இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். பரமக்குடியில் கூடிய தலித் மக்கள் மீது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. உயிர்கள் போயின. சரியாக நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரே அரசு, ஒரே வாரம். எங்களில் சிலர் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். பரமக்குடிப் பக்கத்து வீடுகளில் துக்கம் கேட்டு வந்த கையோடு, மடிக்கணினி எப்போது வரும் என்ற பேச்சும் அந்த வீடுகளிலேயே நடந்தது. இதில் முரண்பாடு பார்ப்பவர்கள் நம் வாழ்க்கையை அறியாதவர்கள். நமக்கு நீதியும் வேண்டும், கணினியும் வேண்டும்.

முதல் ஆண்டுக்கு 9.12 லட்சம், ஐந்தாண்டில் 68 லட்சம் என்று இலக்கு வைத்தார்கள். இந்தியாவில் ஏழைப் பிள்ளைகள் கையில் இவ்வளவு கணினிகளைக் கொடுத்த திட்டம் அதற்கு முன் இல்லை. நம் தலைமுறையில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினி அதுதான். அந்தக் கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்ந்து வந்தது. பாஸ் என்பது அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் டெபியன் லினக்சை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2007-இல் வெளியிட்ட இயங்குதளம். தமிழில் இயங்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரலில் நிறுத்தியபோது, அரசுத் துறைகளையும் பாசுக்கு மாறச் சொன்னார்கள்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் எங்கள் பகுதிப் பள்ளிகளில் பாசைத் திறந்து காட்டிய ஆசிரியரை நாங்கள் சந்தித்ததில்லை. அவர்களுக்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகள் கணினியைத் திறப்பார்கள், பாட்டு வராது, டவுன் கடைக்குப் போவார்கள், கடைக்காரர் அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக் கொடுப்பார். லட்சக்கணக்கில் லினக்சைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு திட்டம், லட்சக்கணக்கானவர்களுக்கு லினக்ஸ் என்றால் அழிக்க வேண்டிய ஒன்று என்று கற்றுக்கொடுத்துவிட்டது.

பக்கத்து மாநிலங்களில் என்ன நடந்தது

கேரளத்தில் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி முழுவதும் லினக்சுக்கு மாறியது. பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வும் லினக்சிலேயே நடந்தது. அவர்கள் முதலில் தயார் செய்தது ஆட்களை. ஆசிரியர்களிலிருந்தே பயிற்சியாளர்களை உருவாக்கினார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் கணினிக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தார். பழுதான கணினிகளை மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து சரிசெய்யும் முகாம்கள் நடந்தன. 2018-இல் லிட்டில் கைட்ஸ் என்று மாணவர் மன்றங்களையே பள்ளிதோறும் அமைத்தார்கள். நம்மிடம் இருந்த அதே மென்பொருள்தான். அங்கே பக்கத்தில் உட்கார ஆள் இருந்தார்.

அரசு செய்தால்தான் உண்டா? பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் என்ற குடிசைப்பகுதியில் ஒரு கணினி மையம் உண்டானது. அதன் பெயர் அம்பேத்கர் சமூகக் கணினி மையம். குடியிருப்பு மக்களும் கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்களும் சேர்ந்து அமைத்தது. நன்கொடையாக வந்த கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ், மாலையில் வகுப்பு. கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் அங்கே படம் வரைந்தார்கள், கணக்குப் போட்டார்கள், பிறகு சின்னப் பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டமே கல்வியில் கட்டற்ற மென்பொருளுக்கு இந்த மையத்தை ஓர் எடுத்துக்காட்டாகப் பதிவுசெய்திருக்கிறது. அண்ணலின் பெயர் அங்கே அலங்காரத்துக்கு வைக்கப்பட்டதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

திறந்த குளம்

எங்கள் வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "லினக்ஸ் எல்லாருக்கும் திறந்திருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் ஏண்ணே நமக்கு மட்டும் வந்து சேரலை?"

பதிலுக்கு மகாத் குளத்தின் கதையைச் சொன்னோம். 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றம், பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டத்தகாதோருக்கும் திறந்தவை என்று தீர்மானம் போட்டது. 1924-இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக முடிவெடுத்தது. யாரும் போய்த் தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்க் கையால் அள்ளிக் குடித்தார். காகிதத்தில் திறந்திருந்த குளம் அன்றைக்குத்தான் உண்மையில் திறந்தது. பதிலுக்கு அடியும் விழுந்தது.

உரிமம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்கிறது. கட்டற்ற மென்பொருள்காரர்கள் பலர் நல்லவர்கள், கேட்டால் உதவுவார்கள். ஆனால் ஆங்கிலம், நேரம், நல்ல இணையம், கேட்பதற்கான துணிச்சல் எல்லாம் இருப்பவர்தான் கரைவரை போக முடிகிறது. யாரும் தடுக்கவில்லையே என்பது போதாது. நாம் கூட்டமாகப் போய்க் கையை நனைக்க வேண்டும்.

உப்புக்காற்றில் என்ன செய்கிறோம்

நாங்கள் செய்வது மிகச் சிறிய வேலை. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, யார் வீட்டில் பழைய மடிக்கணினி இருந்தாலும் எடுத்து வரச் சொல்கிறோம்.

கடலோரத்தில் முதல் எதிரி உப்பு. உப்புக்காற்றில் உலோகம் பச்சை பூக்கும். ஆன் ஆகாத கணினிகளில் பலவற்றில் நினைவகப் பலகையின் பொன்னிற முனைகளில் படிந்த கறைதான் காரணம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பலகையை எடுத்து, பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துடைத்து மாட்டினால் உயிர் வந்துவிடும். உப்பிய பேட்டரியை மட்டும் பிள்ளைகளைத் தொடவிடுவதில்லை. அது தீப்பிடிக்கும்.

அடுத்தது வைஃபை. கணினிக்குள் இருக்கும் சில்லோடு இயங்குதளம் பேச ஓர் இயக்கி வேண்டும். பல சில்லுகளுக்கு அதற்கு மேல் உற்பத்தி நிறுவனம் தரும் ஒரு நிலைப்பொருள் கோப்பும் வேண்டும். இந்தக் கோப்புகள் மூல நிரல் இல்லாமல் வருவதால், டெபியன் போன்ற குழுக்கள் கொள்கை காரணமாக அவற்றை நிறுவும் தட்டில் சேர்க்காமல் தனியே வைத்திருந்தன. நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் சேர்த்துவிட்டார்கள். கொள்கைக்கும் ஏழை வீட்டுக் கணினிக்கும் இடையே நடந்த இந்த விவாதத்தைப் படிக்கும்போது, நம் பக்கத்திலிருந்து ஒரு குரல் அதில் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது.

எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்ல மாட்டோம். தாய்ப்பலகை அரித்துப்போன கணினிகளை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. சில மலிவான அச்சுப்பொறிகள் லினக்சோடு இன்றும் பேச மறுக்கின்றன. சில தேர்வுகளுக்கான மென்பொருள் விண்டோசை மட்டும் கேட்கிறது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். பொய் சொல்லி மாற்றினால் அவர்கள் திரும்ப வரமாட்டார்கள்.

செய்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம்: கணினியின் மாதிரி, சில்லின் எண், என்ன சிக்கல், எது வேலை செய்தது. எழுதுவது பெரும்பாலும் பிள்ளைகள். சேலையில் சுற்றிக் கணினி கொண்டுவந்த அந்த மாணவி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாள். இப்போது அந்த நோட்டில் அவள் கையெழுத்துதான் அதிகம்.

தோழர்களுக்கு

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. குப்பை என்று ஒதுக்கப்படும் அந்தக் கணினிகளில் பெரும்பாலானவை லினக்சில் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் அக்கம்பக்கத்தார் கூடிப் பழுது பார்க்கும் ரிப்பேர் கஃபே என்ற முயற்சி தொடங்கி, உலகெங்கும் பரவியிருக்கிறது. நமக்கு கஃபே வேண்டாம். அம்பேத்கர் மன்றக் கட்டடங்களும் மாலைப் பள்ளிகளும் போதும். இன்னொரு பக்கம், தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவித்தது. 2011-இல் நடந்தது திரும்ப நடக்க விடக்கூடாது.

அரசிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: கணினியோடு, ஒன்றியத்துக்கு ஓர் உதவி மையம் கொடு. அதற்கு அந்தந்த ஊர் இளைஞர்களையே பயிற்றுவித்து ஊதியம் கொடுத்து அமர்த்து. வாங்கும் கணினியின் ஒவ்வொரு உறுப்பும் லினக்சில் வேலை செய்ய வேண்டும் என்பதை ஒப்பந்தப் புள்ளியிலேயே நிபந்தனையாக வை. லட்சக்கணக்கில் வாங்குகிறவர் போடும் நிபந்தனையை எந்த நிறுவனமும் தட்டிக்கழிக்க முடியாது.

அரசு கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அயோத்திதாசர் 1907-இல் ஒரு பைசா விலையில் தமிழன் இதழைத் தொடங்கியபோது, பிறர் நம் செய்தியைப் போடுவார்கள் என்று காத்திருக்கவில்லை. அன்றைய கருவி அச்சு. அதை நம் முன்னோர் கையில் எடுத்தார்கள். உங்கள் தெருவில் எத்தனை மடிக்கணினி பெட்டிக்குள் கிடக்கிறது என்று இந்த வாரம் வீடு வீடாகக் கேட்டு எண்ணுங்கள். ஒரு பென்டிரைவில் லினக்சைப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். முதல் கணினி முன்னால் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தொடங்குங்கள். இரண்டாவது கணினியை அந்தப் பிள்ளை பார்க்கட்டும்.